சாந்தினியின் காதுகள்

ஒரே ஒரு மலையில் ஒரே ஒரு குதிரை இருந்ததாம், அந்தக் குதிரைக்கு ரெண்டே ரெண்டு காது இருந்ததாம், அந்த ரெண்டு காதும் எட்டு நாளாக நிமிரவே இல்லையாம். உம் கொட்டிக்கொண்டே வாருங்கள், சொல்கிறேன். குதிரையின் பேர் சாந்தினி. சாம்பலும் வெள்ளையும் கலந்த பெட்டை. வளர்க்கிறவர் ஹயாத் பாய், ஊட்டிக்கு வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவர். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர் மகள் ஷாஹிரா. அவர்களுக்கு எதிரே, தேயிலை முடிந்து புல் தொடங்குகிற அந்த மட்டத்தில், ஈரத்தில் ஒரு முழங்காலை ஊன்றி, கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தவன் எபநேசர் என்கிற எபி. ஐப்பசி மழை மத்தியானம் கொட்டி ஓய்ந்திருந்தது. மேகத்துக்கு அடியில் வெயில் குனிந்து நுழைந்துகொண்டிருந்தது. இந்த வெயிலுக்காக எபி வருஷம் முழுக்கக் காத்திருப்பான். இதில் விழுகிற நிழலுக்கு விளிம்பே கிடையாது. விலா எலும்பை மூடிவிடும், சேணம் உராய்ந்த வடுவை மூடிவிடும், கிழட்டுக் குதிரையின் பிடரியில்கூட யாரோ இப்போதுதான் எண்ணெய் தடவி வாரிவிட்ட மாதிரி ஒரு மினுக்கம் ஏறும். இந்த வெளிச்சம் இன்னும் நாற்பது நிமிஷம். அதற்குள் காது நிமிர்ந்த படம் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்று. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிற ஒரு டாக்டரம்மா கேட்டிருந்தார். நேற்று ஹயாத் பாய் தன் போனில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, 'இது கோபக்காரக் குதிரையா இருக்கே பாய், நம்ம வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு, நாளைக்கு ஏழு மணிக்குள்ள நல்ல முகமா ஒண்ணு அனுப்புங்க, இல்லேன்னா விட்டுடுங்க' என்று சொல்லிவிட்டார். விட்டுவிட்டால் விடியற்காலையில் லாரி வரும். லாரிக்காரன் படம் கேட்கமாட்டான். காது நின்றாலும் படுத்தாலும் அவனுக்கு ஒன்றுதான், அவன் எடை போட்டு வாங்குகிறவன்.

எடை போட்டு, என்று நினைத்ததும் எபியின் கண்ணுக்குள் ஒரு தராசு தொங்கியது, எவ்வளவு பெரிய தராசு, நாலு காலையும் எப்படிச் சேர்த்துக் கட்டுவார்கள், கயிற்றால்தான் கட்டுவார்கள். கயிறு என்ற இடத்தில் நினைப்பு கால் தடுக்கி நின்றது. கயிறு வேண்டாம், காதைப் பார், காதை மட்டும் பார். ஹயாத் பாய் ஒரு கேரட்டை எடுத்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டினார். சாந்தினி கேரட்டை ஒரு கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஷாஹிரா குடையை விரித்து மடக்கினாள். கொள்ளு போட்ட டப்பாவைக் குலுக்கினாள். பிளாஸ்டிக் கவரைக் கசக்கினாள். காது அசையவில்லை, பின்னந்தலையோடு பசை போட்டு ஒட்டினதுபோல் கிடந்தது. "காதுதானே வேணும் எபிண்ணே, என் காதை எடுத்து ஒட்டிக்குங்க, அத்தா சின்னதுல இருந்து திருகித் திருகி நல்லா நிமிர்ந்துதான் இருக்கு" என்றாள். "திருகினதுக்கே இந்த வாய், திருகாம விட்டிருந்தா ஊரையே வித்திருப்பே" என்றார் ஹயாத் பாய். "எபி, எவ்வளவு நேரம்ப்பா முட்டி போட்டே இருப்பே, நான் ரெண்டு வேளைத் தொழுகையே முடிச்சிருப்பேன்." எபி சிரித்தான். சிரிப்பு கேமராவுக்குப் பின்னால் இருந்ததால் அதை யாரும் பார்க்கவில்லை, அதனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். பதினாலு வருஷப் பழக்கம். முதல் கேமரா வாங்கினபோது யாரும் வேலை தராத காலத்தில், 'என் குதிரைங்களை எடு, அதுங்க குறை சொல்லாது' என்று லாயத்தைத் திறந்துவிட்டவர். ரம்ஜானுக்குத் தூக்கில் கஞ்சி கொடுத்தனுப்புகிறவர். அந்த மனுஷரை இப்போது லென்ஸ் வழியாகப் பார்த்தான். இந்த வெளிச்சத்தில் அவரும் அழகாக இருந்தார், எட்டு நாளில் கன்னத்தில் விழுந்த பள்ளம்கூடத் தெரியவில்லை. எட்டு நாளாக இந்தக் குதிரை யாரையும் ஏறவிடவில்லை. ஒரு சுற்றுலாக்காரரின் தோளைக் கடித்துவிட்டது. ஏரிப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சவாரி போகாத குதிரைக்குத் தீனி போடுகிற வசதி ஹயாத் பாய்க்கு இல்லை, இன்னும் ரெண்டு குதிரை இருக்கிறது. அது மட்டுமல்ல, சாந்தினி இந்த மட்டத்தை விட்டு நகரவும் மாட்டேன் என்கிறது, லாயத்துக்கு இழுத்துப்போனாலும் விடிந்தால் இங்கே வந்து நிற்கிறது. அதனால்தான் படமும் இங்கே. இங்கேதான் எடுக்கவேண்டியிருக்கிறது, வேறு எங்கேயாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வலது பக்கம் பார்க்காதே. வலது பக்கம் சீகை மரங்கள், அவற்றுக்குக் கீழே இருநூறு அடி தூரத்தில் அந்தக் குழி, எஸ்டேட்காரர்கள் தண்ணீர்த் தொட்டிக்கென்று வெட்டிப் பாதியில் விட்டது. சட்டகத்துக்குள் குழி வராது, அவன் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு படம் என்பது எதை உள்ளே விடுகிறோம் என்பதில்லை, எதை வெளியே தள்ளுகிறோம் என்பதுதான், இதை அவன் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை, பிறக்கும்போதே தெரிந்திருந்தது. அப்பாவைப் பெட்டியில் வைத்து மூடப்போகும்போது, அம்மா அவர் நெற்றியில் கையை வைத்துக் கதறும்போது, இவன் ஜன்னல் வெளிச்சம் இடது பக்கமிருந்து பெட்டியின் பித்தளைப் பிடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வெளிச்சம் என்று நினைத்தான். வெல்லிங்டன் சர்ச்சிலிருந்து கல்லறை வரைக்கும் அந்த வெளிச்சத்துக்காக அழுதான், பார்த்தவர்கள் அப்பாவுக்காக அழுகிறான் என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அதெல்லாம் ஒரு குற்றமா? கண் இருக்கிறது, பார்க்கிறது. காது இருக்கிறது, கேட்கிறது. கேட்கிறது என்ற சொல்லில் மறுபடியும் கால் தடுக்கியது. இந்த வட்டாரத்தில் அவனுக்கு 'காது எபி' என்று பேர். குதிரை விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள், காலண்டர் போடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும், எபி எடுத்தால் காது கத்தி மாதிரி நிற்கும். குதிரை முகத்தில் பொய் சொல்லத் தெரியாத இடம் காதுதான். கண்ணை நம்ப முடியாது, பல்லை அராவிவிடலாம், ரோமத்துக்குச் சாயம் ஏற்றலாம், காதை மட்டும் யாரும் பிடித்து நிறுத்த முடியாது, அதற்கு ஏதாவது ஒன்று வேண்டும், தூரத்தில், தெரியாத ஒன்று, வரப்போகிற ஒன்று. எபி போனில் ஒரு குட்டியின் கனைப்புச் சத்தம் வைத்திருந்தான். எங்கிருந்தோ இறக்கியது, யாருடைய குட்டியோ. முன்னால் ஒரு கல்மேல் போனை வைத்துச் சத்தத்தைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்தக் குதிரையும் தலையைத் தூக்கும். ஆண் குதிரைகூடத் தூக்கும். ஒரு தடவை, ரெண்டு தடவை, மூன்றாம் தடவைக்குள் படம் விழுந்துவிடும். அதற்கப்புறம் அது போலி என்று குதிரைக்குத் தெரிந்துவிடும்.

இப்போதும் அதைத்தான் முதலில் வைத்தான். பத்தடி தள்ளிக் கல்மேல் போன். கனைப்பு. சாந்தினி திரும்பக்கூட இல்லை, போன வருஷக் காலண்டருக்கே அதைக் கேட்டுவிட்டது, அதற்குத் தெரியும். "உன் பருப்பு இங்க வேகல எபி" என்றார் ஹயாத் பாய். குரலில் விளையாட்டு இருந்தது, அடியில் விளையாட்டு இல்லை. ஷாஹிரா வெயிலைப் பார்த்தாள், "பாதி போயிருச்சு" என்றாள் மெதுவாக. பாதி போயிருந்தது. புல்லின் நுனியில் இருந்த பொன்நிறம் வேருக்கு இறங்கிக்கொண்டிருந்தது, கற்பூர மரங்களின் நிழல் மட்டத்தைப் பாதி தாண்டிவிட்டது. இன்னொன்று இருக்கிறது என்று எபி நினைத்தான். நினைக்கவில்லை, அது தானாக வந்தது, ரொம்ப நேரமாக வாசலில் நின்றுகொண்டிருந்த ஆள் கதவு திறந்ததும் உள்ளே வருகிறமாதிரி வந்தது. போனில் இன்னொரு சத்தம் இருக்கிறது. இருபத்திரண்டு நொடி. எட்டு நாளைக்கு முன்னால், இதே மட்டத்தில், சாந்தினியையும் அதன் நாற்பது நாள் குட்டியையும் சேர்த்துப் படம் எடுக்க வந்திருந்தான். குட்டிக்கு மிட்டாய் என்று பேர், ஏரிக்கு வந்த பிள்ளைகள் வைத்தது. மழை பிடித்துக்கொண்டது. இடி. குட்டி மிரண்டு சீகை மரங்களுக்குள் ஓடி, குழிக்குள். ஹயாத் பாய் சாந்தினியை மரத்தில் கட்டிவிட்டுச் சேற்றுக்குள் குதித்தார், கழுத்தளவு சேறு, குட்டியின் தலையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். குட்டி கத்தியது. எபி குழியின் விளிம்பில் நின்றான். எஸ்டேட் ஜீப் முப்பது அடி தூரத்தில், பின்சீட்டில் கயிறு. அந்தச் சத்தம் மாதிரி ஒரு சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. மழை அந்த நிமிஷம் பார்த்து ஓய்ந்திருந்தது, குழியின் சுவர் சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது, சுத்தமான சத்தம், ஒரு பிசிறு இல்லை, கண்ணாடி மாதிரி. கை பைக்குள் போனது. அவன் அனுப்பவில்லை, தானாகப் போனது. அப்படித்தான் எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், கை தானாகப் போனது. பதினாலாவது நொடியில் ஹயாத் பாய் கீழிருந்து கத்தினார், எபி, கயிறு, கயிறு எடுத்துட்டு வா எபி. அதற்கப்புறமும் எட்டு நொடி அவன் நின்றான். ஏன் நின்றான்? முடிவு தெரியாமல் எப்படி நிறுத்துவது, ஒரு சத்தத்துக்கு ஒரு முடிவு இருக்கவேண்டாமா. பிறகு ஓடினான், கயிறு கொண்டுவந்தான், இழுத்தார்கள், குட்டி வெளியே வந்தது, புல்மேல் படுத்தது, இருட்டுகிறதுக்குள் செத்துப்போனது. இருபத்திரண்டு நொடியில் என்ன ஆகியிருக்கப்போகிறது? ஒன்றும் ஆகியிருக்காது. இருபத்திரண்டு நொடியில் ஒரு ஆள் எத்தனை எட்டு வைப்பான்? இருபத்திரண்டு நொடியில் நுரையீரலுக்குள் எவ்வளவு சேறு போகும்? ஒன்றும் ஆகியிருக்காது. 'எங்கப்பா நின்னுட்டே, கூப்பிட்டேனே' என்று அன்றைக்கு ராத்திரி ஹயாத் பாய் கேட்டார், திட்டாமல்தான் கேட்டார். 'ஃபயர் சர்வீசுக்குப் போன் போட்டுட்டிருந்தேன் பாய், டவர் கிடைக்கல' என்றான். இந்தப் பக்கம் டவர் கிடைக்காதுதான், எல்லாருக்கும் தெரியும். 'பாவம், நீயும் என்ன பண்ணுவே' என்று அவர் இவன் கையைப் பிடித்துக்கொண்டார், அவர் நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது.

பதினாலாவது நொடிக்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பின்பாதியை வெட்டி எறிந்திருக்கலாம், வெட்டவேண்டுமென்றால் திரும்பக் கேட்கவேண்டும், எடுத்த அன்றைக்கு பஸ்ஸில் காதில் மாட்டி ஒரு தரம் கேட்டதோடு சரி, அதற்கப்புறம் விரல் அதற்குமேல் போய் நின்று திரும்பிவிடும். அழித்திருக்கலாம். அழிக்கவும் இல்லை. இப்போது பார், அழிக்காததுகூட ஒரு காரியத்துக்கு ஆகிறது, ஒரு உசிரைக் காப்பாற்றப்போகிறது, லாரியில் ஏறாமல், நாலு காலையும் கட்டாமல், தென்னந்தோப்பு நிழலில் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு இருபது வருஷம். மிட்டாய்கூட அதைத்தானே விரும்பியிருக்கும். இப்படி நினைத்தபோது தன் மூளை எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று எபிக்கு ஒரு பிரமிப்பு வந்தது, அந்தப் பிரமிப்புக்கு அடியில் இன்னொன்று, படம், அந்தப் படம் எப்படி இருக்கும். அதுதான் நிஜம். தோப்பு நிஜமில்லை, பிள்ளைகள் நிஜமில்லை. பெற்ற குட்டியின் குரலை இந்த வெளிச்சத்தில் கேட்கிற குதிரையின் முகம் எப்படி இருக்கும். யாராவது எடுத்திருக்கிறார்களா? "பாய், இன்னொரு சத்தம் இருக்கு, பழசு, வேற குட்டி, வேணும்னா போட்டுப் பார்க்கட்டுமா" என்றான். வேற குட்டி என்று ஏன் சொன்னான், யாரும் கேட்கவில்லையே. "எதையாவது போடுப்பா, நாய் கத்தினாலும் போடு, வெயில் போவுது" என்றார். எபி எழுந்து கல்லுக்குப் போனான். எழுந்தபோது முழங்காலில் ஈரத்துணி ஒட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தான். திரையில் அந்தக் கோடுகள், ஏறி இறங்கி, மலை வரைந்தமாதிரி. போட்டுவிட்டு ஓடிவந்து உட்கார நாலு நொடி. ஐந்தாவது நொடியிலிருந்து பத்துவரை எடுக்கலாம். பத்தில் எழுந்தால் பதின்மூன்றில் கல்லை எட்டிவிடலாம். கணக்கு சரியாக வந்தது. ஷாஹிராவிடமோ ஹயாத் பாயிடமோ போனைக் கொடுத்து நிறுத்தச் சொல்ல முடியாது. தானே போடவேண்டும், தானே எடுக்கவேண்டும், தானே நிறுத்தவேண்டும். தட்டினான்.

முதலில் ஒன்றுமில்லை, ஈரமான வெறும் காற்று. எபி வந்து விழுந்து கேமராவைக் கண்ணில் வைத்தபோது மிட்டாய் கத்தியது. அதன் பிறகு நடந்தது எதையும் எபி வரிசையாகப் பார்க்கவில்லை, சட்டகத்துக்குள் வந்ததை மட்டும் பார்த்தான். சாந்தினியின் தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று வாலிலிருந்து கழுத்துவரைக்கும் ஓடியது. காது ரெண்டும் மேலே வந்தன, மெதுவாக, ஒட்டினதைப் பிய்த்தெடுக்கிற மாதிரி முதலில் இடது, பிறகு வலது, நுனி ரெண்டும் ஒன்றையொன்று தொடுகிறமாதிரி வளைந்து நின்றன. கழுத்து உயர்ந்தது. மூக்குத் துவாரம் அகன்று உள்ளே இருக்கிற சிவப்புத் தெரிந்தது. பிடரி மயிர் ஒவ்வொன்றிலும் வெயில் தனித்தனியாக ஏறி நின்றது. ஷட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. கண், அந்தக் கண்ணை அவன் எந்தக் குதிரையிடமும் பார்த்ததில்லை, எந்த மனுஷரிடமும் பார்த்ததில்லை, இல்லை, அம்மாவிடம் ஒரு தரம், பெட்டிக்குள் அப்பாவின் கை அசைந்தமாதிரி அவளுக்குத் தோன்றிய அந்த ஒரு கணத்தில் பார்த்திருக்கிறான், அன்றைக்கு கேமரா இல்லை. இன்றைக்கு இருக்கிறது. மடியிலிருந்து பால் கசிந்து பின்னங்காலில் கோடாக இறங்கியது, அதையும் எடுத்தான். இன்னும் ஒன்று. காது கொஞ்சம் திரும்பினால் பின்பக்க ஒளி உள் ரோமத்தில் விழும். திரும்பியது. இன்னும் ஒன்று. பத்து எப்போது போனது, பன்னிரண்டு எப்போது போனது, ஒரு நொடிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது. அப்போது கல்லுக்குமேலிருந்து ஹயாத் பாயின் குரல் வந்தது. ஹயாத் பாயின் வாய் அசையவில்லை, அவர் குதிரைக்குப் பக்கத்தில் கேரட்டை வைத்துக்கொண்டு நின்றார், குரல் மட்டும் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, சேற்றைத் துப்பிக்கொண்டு. எபி! கயிறு! கயிறு எடுத்துட்டு வா எபி!

அவன் ஓடிப்போய்ப் போனை அமுக்கினான். சத்தம் அறுந்தது. அறுந்ததும்தான் தப்பு பெரிதாகியது. குட்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது, இப்போது கூப்பிடவில்லை, சாந்தினிக்கு அவ்வளவுதான் தெரியும். ஷாஹிராவின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டு போனது, அவள் "அம்மா" என்று உள்ளங்கையைப் பொத்திக்கொண்டாள். சாந்தினி சீகை மரங்களுக்குள் பாய்ந்து இறங்கிவிட்டது. கீழே குழியின் உதட்டில் போய் நின்று கனைத்தது. மத்தியான மழையில் ஊறிய மண் அதன் முன்னங்காலுக்கு அடியில் கட்டிகட்டியாக உள்ளே விழுகிற சத்தம் மேலே கேட்டது. மூன்று பேரும் மரங்களுக்கு இப்பால் வந்து நின்றார்கள். கிட்டே போனால் இன்னும் முன்னால் எட்டு வைக்கும். "அத்தா, அது உங்க குரல்" என்றாள் ஷாஹிரா, கையை ஊதிக்கொண்டே, தகப்பனைப் பார்க்காமல். ஹயாத் பாய் எபியைப் பார்க்கவில்லை, குதிரையின் கால்களையே பார்த்தார். சாதாரணக் குரலில் கேட்டார், "அன்னைக்கு டவர் கிடைக்கலன்னியே எபி." பாய், கை தானா, நான் ஒரு, இருபத்திரண்டு நொடிதான், என்று எபியின் வாய்க்குள் நிறைய இருந்தது. குழியின் உதட்டிலிருந்து ஒரு பெரிய கட்டி பெயர்ந்து சேற்றில் தொப்பென்று விழுந்தது. "போடு" என்றார் ஹயாத் பாய். "பாய்..." "அதைப் போடுப்பா. அது இங்கதான் இருக்குன்னு அவ நினைக்கட்டும். அவ மேல வரட்டும்." எபி போட்டான். ஈரத் திரையில் விரல் ஒருதரம் தவறி மறுதரம் பட்டது. மிட்டாய் கத்தியது. சாந்தினி தலையைத் திருப்பியது, குழியைப் பார்த்தது, மரங்களைப் பார்த்தது, ஒரு எட்டுப் பின்னால் வைத்தது. பதினாலாவது நொடியில் ஹயாத் பாய் கத்தினார், எபி, கயிறு. ஹயாத் பாய் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எட்டு நொடி, மழைச்சொட்டு, குட்டியின் இருமல், நடுவில் ரொம்பக் கிட்டத்தில் ஒரு மூச்சு, அமைதியான மூச்சு, ஓடாதவனின் மூச்சு. முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இரண்டாவது தடவை அவர் குரல் வந்தபோது அவருடைய உதடு லேசாக அசைந்தது, கூடவே சொல்லிப் பார்க்கிறமாதிரி. மூன்றாவது தடவை. நாலாவது தடவை. ஏழாவது தடவையில் சாந்தினி மேலே வந்து எபியின் கையிலிருந்த போனை முகர்ந்தது, முகர்ந்து மூக்கால் தள்ளியது, போனுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தேடியது, எபியின் மார்பு, எபியின் அக்குள், எபியின் முதுகுப்புறம். அதன் மூச்சு சூடாக அவன் கழுத்தில் அடித்தது, அவன் கண்ணை மூடிக்கொண்டான். காது மட்டும் நிமிர்ந்தே இருந்தது, அதை மூடின கண்ணோடும் அவனால் சொல்ல முடிந்தது. ஹயாத் பாய் பின்னாலிருந்து வந்து முகக் கயிற்றைப் பிடித்துவிட்டார்.

யாராவது அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், எபி கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். வெயில் மலைக்குப் பின்னால் ஒரு விரல் அளவு பாக்கி. "படம் வந்துச்சா?" என்றார் ஹயாத் பாய். எபி கேமராவின் திரையைத் திருப்பிக் காட்டினான். அவர் கண்ணைச் சுருக்கிக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "அழகா இருக்கா" என்றார். "ஒருநாளும் இப்படி நின்னதில்ல." நல்லா வந்திருக்கு பாய் என்று சொல்ல வந்து எபி நாக்கைக் கடித்துக்கொண்டான், சொல்ல வந்தது என்னவோ உண்மை. ஹயாத் பாய் கையை நீட்டினார், காசு வாங்குகிறவர் மாதிரி உள்ளங்கையை விரித்து நீட்டினார், எபிக்குப் புரிய ஒரு கணம் ஆனது, போனைக் கொடுத்தான். "எப்படிப்பா நிறுத்தறது, நிறுத்தவேணாம், நிறுத்தினா மறுபடி ஓடிடுவா. இது பாட்டுக்குத் திரும்பத் திரும்பப் பாடுமில்ல?" "பாடும் பாய்." "லாயம் வரைக்கும் சார்ஜு தாங்குமா?" "தாங்கும்." அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெஞ்சுக்குள்ளிருந்து குட்டி கத்துகிறமாதிரி இருந்தது. சாந்தினி அவர் நெஞ்சில் மூக்கை வைத்தது. "வா புள்ள" என்று கயிற்றைத் தளர்த்திவிட்டு முன்னால் நடந்தார். எட்டு நாளாக இழுத்து இழுத்தே வந்த குதிரை இழுக்காமலே பின்னால் போனது, ஒட்டிக்கொண்டு போனது, அவர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது.

ஷாஹிரா போகவில்லை. கயிறு அறுத்த கையைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு எபிக்கு எதிரே நின்றாள். "எபிண்ணே" என்று கூப்பிடவில்லை, எதுவும் கூப்பிடவில்லை. "கார்டு" என்றாள். "நானே அனுப்பிடறேன் ஷாஹி, வீட்டுக்குப் போய் உடனே..." "எந்தப் போன்ல?" என்றாள். அது சரிதான். எபி கேமராவின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து நகம் அளவு மெமரி கார்டை எடுத்தான். எடுக்கும்முன் ஒரே ஒரு தரம் படத்தைப் பார்த்துவிடலாமா என்று கேட்க வாய் வந்தது, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. "முப்பத்தேழாவது நல்லாருக்கும், அதை அனுப்பச் சொல்லு, ஸ்டுடியோவில வெளிச்சத்தைக் கூட்டிடாமப் பார்த்துக்க" என்றான். அவள் கார்டை வாங்காமல் அவனையே பார்த்தாள். கொஞ்சம் சிரிப்பு வந்தமாதிரிகூட இருந்தது. "மணி ஆறு. ஏழுக்குள்ள போயிரும்" என்றாள். "டாக்டரம்மா எடுத்துக்குவாங்க. இந்தப் படத்தைப் பார்த்தா யாரும் எடுத்துக்குவாங்க. நல்ல வேலைக்காரர் நீங்க, அத்தா எப்பவும் சொல்லும்." கார்டை வாங்கி வாய்க்குள் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள், கையில் இடமில்லாததாலா, நனையாமல் இருக்கவா, தெரியவில்லை, அதற்குமேல் அவனோடு பேச வாயில்லாமல் ஆக்கிக்கொண்டாள் என்று எபி நினைத்தான். தகப்பன் போன தடத்திலேயே இறங்கிப் போனாள்.

எபி தனியாக நின்றான். வெளிச்சம் இப்போதுதான் ரொம்ப நன்றாக இருந்தது, மலை விளிம்பில் வெயில் போனபிறகு வானம் மட்டும் தருகிறது, நிழலே இல்லாதது, இதில் எதை வைத்தாலும் படம். வைக்க ஒன்றும் இல்லை. கீழே தேயிலைக்குள் வளைந்து போகிற பாதையிலிருந்து குட்டி கத்துவது கேட்டது, பிறகு ஒரு மனுஷக் குரல், எபி, கயிறு. பாதை திரும்புகிற இடத்தில் கொஞ்சம் மங்கியது. கயிறு எடுத்துட்டு வா எபி. அவன் லென்ஸுக்கு மூடி போட்டான். விரித்தும் பயன்படாமல் நின்ற கேமரா முக்காலியின் ஒவ்வொரு காலையும் மடக்கித் துடைத்தான், ஈரத்தோடு பைக்குள் வைத்தால் துரு ஏறும். முப்பத்தேழா, முப்பத்தெட்டா? முப்பத்தெட்டில் காதின் நுனி இன்னும் கூர்மையாக இருந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கண்ணை மூடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், முப்பத்தெட்டுதான், தப்பாகச் சொல்லிவிட்டோம், ஓடிப்போய்ச் சொன்னால் என்ன என்று ரெண்டு எட்டு வைத்தேவிட்டான். எபி, என்று கீழே கூப்பிட்டது. நின்றான். மறுபடியும் கூப்பிடுவதற்குள் இருபத்திரண்டு நொடி இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்கள் போகாத மேல்வழியாக நடந்தான்.